அவளே தொட்டிலில் போட வேண்டும்

போன மாதம் மீனா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைக்கு வந்த பெண். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, பெத்தவ கையெழுத்துப் போடும்போது புள்ளைய யாரு வாங்கிக்கணும்?"

"யாரும் வாங்கக் கூடாது" என்றேன்.

"இங்க வெளியவே வாங்கிடறாங்கக்கா. உள்ள வந்து அழுதா லேட் ஆவுதாம்."

போனை வைத்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் அச்சடிப்பவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம். அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்த நிலமெல்லாம் கம்பெனி ஆனது. நான் கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவினேன். பிறகு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயா. பிறகு இந்த அலுவலகம். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் விஷயத்தை விசாரிக்கிற கமிட்டி அங்கே உட்காரும். வீட்டை விட்டு ஓடி வந்த பிள்ளை, வேலைக்கு வைத்த பிள்ளை, அடிபட்ட பிள்ளை, பெற்றவளால் வளர்க்க முடியாத பிள்ளை, எல்லாம் வரும். நான் உதவியாளர். கதவு திறப்பேன். பெயர் கூப்பிடுவேன். தண்ணீர் கொடுப்பேன்.

கமிட்டிக்குத் தலைவராக ஒரு அம்மா இருந்தார். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர். சிரிக்க மாட்டார். யாரையும் தட்டிக்கொடுக்க மாட்டார். "கவலப்படாத" என்று அவர் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. முதல் நாள் எனக்கு இரண்டு விஷயம் சொன்னார்.

"மேசை மேல பேனா இருக்கக் கூடாது அஞ்சலை. பேனாவப் பாத்தா, கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்னு நெனைக்கும் கொழந்தையக் குடுக்க வர்ற பொண்ணு."

அவர் பேனா கைப்பைக்குள் இருக்கும். பேச்செல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே வரும். பல நாள் வராமலே போகும்.

இரண்டாவது தொட்டில். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இரும்புத் தொட்டில். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டது. நான்தான் துருவைத் தேய்த்து வெள்ளை பெயின்ட் அடித்தேன். பிள்ளையைக் கொடுக்க வருகிறவள் பிள்ளையோடுதான் உட்கார வேண்டும். இடது கையில் பிள்ளை, வலது கையில் பேனா. கையெழுத்துப் போட்டதும் அவளே எழுந்து போய், அவளே தொட்டிலில் போட வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. யாரும் கை நீட்டக் கூடாது.

"உன் கை எங்க இருக்கணும்?" என்று என்னைக் கேட்டார்.

"பின்னாடிம்மா."

"அங்கயே இருக்கட்டும்."

லேசான வேலை இல்லை. பிரசவ வார்டில் இருந்தவளுக்குப் பிள்ளையைக் கண்டால் கை தானாக நீளும். பின்னால் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பேன். தொட்டில் வரைக்கும் போய் அப்படியே திரும்பியவர்கள் உண்டு. அம்மா ஒரு வார்த்தை கேட்க மாட்டார். காகிதத்தைக் கிழித்துப் போடுவார். "சாப்ட்டு ஊட்டுக்குப் போ" என்பார். அதற்குத்தான் தொட்டில்.

பெற்றவளுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் இன்னும் கண்டிப்பு. முதலில் போலீசுக்குச் சொல்ல வேண்டும். அது சட்டம். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனியாகக் கேட்க வேண்டும். கடைசியில் கூட வந்த பெரியவர் ஒருவரும் கையெழுத்துப் போடுவார். அங்கேதான் எல்லாரும் தப்பாக நினைத்துக்கொள்வார்கள். அது சாட்சிக் கையெழுத்து. சம்மதம் அவளுடையது. சின்னப் பெண் என்பதால் அவள் சம்மதத்தை அப்பன் கொடுக்க முடியாது. கையெழுத்துப் போட்ட பிறகும் மனசு மாற இரண்டு மாதம் டைம் உண்டு.

இதெல்லாம் அந்த நெல்காரருக்குத் தெரியாது.

திருவாலங்காட்டுப் பக்கம் சொந்த நிலம் வைத்து நெல் பயிர் செய்கிறவர். வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு நாள் காலையில் மனைவியோடு வந்தார். மனைவி கையில் தலை நிற்காத பிள்ளை. பெண் பிள்ளை. அவர் கையில் ஸ்வீட் பாக்ஸ். எனக்குத்தான் முதலில் நீட்டினார்.

"இன்னா விஷயம்ணே?" என்றேன்.

"பத்திரம் முடிஞ்சிடுச்சும்மா. பேர் மாத்தணும். எந்த ரூம்பு?"

"இன்னா பத்திரம்?"

"தத்துப் பத்திரம்தான். வக்கீல் எழுதினாரு. நெலம் வாங்கினா பட்டா மாத்தணும் இல்ல? பின்னால வில்லங்கம் வரக் கூடாது பாரு. புள்ளைங்களுக்கு இந்த ஆபீஸ்தான்னு சொன்னாங்க."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த ஊர்ப் பக்கம் கம்பெனிக்கு நிலம் விற்று, வாங்கி, பாகம் பிரித்து எல்லாருக்கும் பழக்கம். பத்திரம் மட்டும் போதாது, பட்டாவும் மாற வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். பிள்ளைக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். ஒளிந்து வளர்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நேர்மையாக வந்து மாட்டிக்கொண்டார்.

அம்மா பத்திரத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு வக்கீலைப் போன் போட்டுக் கூப்பிடச் சொன்னார். அவர் ஊத்துக்கோட்டையில் இருந்து வர மதியம் ஆனது.

அதற்குள் நெல்காரர் எல்லாம் சொன்னார். பெற்றவள் பள்ளிக்கூடத்துப் பெண். பெயரை மாற்றி வனிதா என்கிறேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர் மகள். பிள்ளைக்கு அப்பன் என்கிற பையனுக்கும் பதினெட்டு ஆகவில்லை. ஒரு நர்சிங் ஹோமில் பிரசவம். அங்கே யாரோ வக்கீலிடம் சொல்லி, வக்கீல் இவர்களிடம் சொல்லி இருக்கிறார். பெண்ணின் அப்பா கார்டியன் என்று கையெழுத்துப் போட்டார். பையனின் அப்பாவும் கார்டியன் என்று போட்டார். நெல்காரர் வீட்டில் விளக்கேற்றி, தட்டில் மஞ்சளும் பூவும் வைத்து, பெண்ணின் அம்மா பிள்ளையை நெல்காரர் மனைவி மடியில் போட்டார்.

"பொண்ணு எங்க இருந்தா?" என்று தலைவர் அம்மா கேட்டார்.

நெல்காரர் மனைவி அதுவரை பேசவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"நானும் கேட்டேன்மா. பெத்த தீட்டு கழியல, பூசைல வந்து நிக்கக் கூடாதுன்னாங்க. நியாயம்தானேன்னு உட்டுட்டேன்."

தீட்டாம். தீட்டு அவளுக்கு மட்டும். அவள் வயிற்றில் இருந்து வந்த பிள்ளைக்கு இல்லை. பூ வைத்த தட்டுக்கு முன்னால் அது வரலாம்.

வக்கீல் வந்தார். வாசலில் நான் நின்றிருந்தேன்.

"இன்னாம்மா செல மாறி நிக்கற? நவுரு, காத்து வரட்டும்."

"காத்து ஜன்னல்ல வரும் சார். உங்கள உள்ள கூப்புட்டாங்க."

உள்ளே போய்க் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மேடம், ரெண்டு பக்கமும் மைனரு. மைனருக்குக் கார்டியன் கையெழுத்துப் போடறது ஊர் ஒலகத்துல இருக்கறதுதான?"

"மைனர் பேர்ல நெலம் இருந்தா அப்பா விக்கலாமா வக்கீல் சார்?"

"கோர்ட்ல பர்மிஷன் வாங்கணும்."

"நெலத்துக்கே வாங்கணும்."

கால் ஆடுவது நின்றது. பிறகு சமாளித்தார். "பொண்ணுக்கு முழுச் சம்மதம் மேடம். பேரன்ட்ஸ் சொன்னாங்க."

"நீங்க அந்தப் பொண்ணப் பாத்தீங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று தலைவர் அம்மா சொன்னார். நெல்காரர் மனைவிக்குப் புரியவே நேரம் பிடித்தது. அவருக்கும் அதே சட்டம்தான். யாரும் போய்ப் பிடுங்கக் கூடாது. அவரே போட வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பாட்டில் பால் குடித்துத் தூங்கியது, எழுந்தது, மறுபடி தூங்கியது. மற்றக் கேஸ் எல்லாம் முடிந்தது. வக்கீல் நழுவிப் போனார். நெல்காரர் வெளியே போய் ஸ்வீட் பாக்ஸைக் குப்பைத் தொட்டி மேல் வைத்துவிட்டு வந்தார். வெயில் இறங்கிய பிறகு அந்த அம்மாள் எழுந்தார். தொட்டிலில் போட்டார். போட்ட கையை எடுக்காமல் நின்றார்.

"நா பெக்கல. ஆனா யார்கிட்டயும் புடுங்கல" என்று என்னிடம்தான் சொன்னார்.

எனக்குத் தெரியும் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது. அவரையும் ஏமாற்றினார்கள். பேரைப் பதிந்து வரிசையில் நின்றால் முறையாகப் பிள்ளை கிடைக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பிறகு பதிந்தார்கள் என்று கேள்வி.

மறுநாள் போலீஸ் அம்மா ஒருத்தர் வனிதாவையும் அவள் அப்பா அம்மாவையும் கூட்டி வந்தார். பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்து நர்ஸ் கொண்டு வந்து பக்கத்து ரூமில் வைத்திருந்தார். வனிதா ஒல்லி. பள்ளிக்கூடத்துப் பை ஒன்றைத் தோளில் மாட்டி இருந்தாள். சட்டை முன்பக்கம் ஈரம். துப்பட்டாவால் மூடி இருந்தாள். பிரசவ வார்டில் இருந்த எனக்கு அது என்ன ஈரம் என்று தெரியாதா.

தலைவர் அம்மா எல்லாரையும் வெளியே அனுப்பினார். நான் கதவோரம்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் மேடம்."

"இன்னா சாப்ட்ட?"

"டீ."

இட்லி வரவழைத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு கேட்டார்.

"உன் கொழந்தையக் குடுக்கறதுக்கு உன்கிட்ட யாராவது கேட்டாங்களா?"

வனிதா நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுக்கறதா? பாப்பா ஆஸ்பத்திரில இருக்குது மேடம்."

"எந்த ஆஸ்பத்திரி?" என்றார் அம்மா.

"மஞ்சக்காமாலைன்னு லைட்டுப் பொட்டில வெச்சிருக்காங்க. மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரி. எட கம்மின்னு உட மாட்டேங்கறாங்க. அம்மா தெனம் போட்டோ காட்டுவாங்க." இட்லித் தட்டை ஓரமாகத் தள்ளினாள். "தெனம் ஒரே போட்டோ மேடம்."

பையைத் திறந்தாள். உள்ளே புத்தகம் இல்லை. துவைத்து மடித்த துணி, ஒரு குல்லாய், ஒரு டவல். "இன்னிக்கு அங்கதான் கூட்டிக்கினு போறாங்கன்னு நெனச்சேன்."

நான் பலதைப் பார்த்திருக்கிறேன். செத்த பிள்ளையைத் துணியில் சுற்றி இருக்கிறேன். அன்று போல் எனக்கு எரிந்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல அவள் சின்னப் பெண். பெற்றுக்கொடுக்க மட்டும் பெரிய பெண்.

அம்மா சுற்றி வளைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். பிள்ளையைக் கொண்டு வந்து தொட்டிலில் போட வைத்தார். "எடுத்துக்க" என்றார். வனிதாவுக்கு எப்படித் தூக்குவது என்றே தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே கை கொடுக்க வேண்டும் என்று வாயால் சொன்னேன். என் கை பின்னால்தான் இருந்தது. தூக்கினாள். பிள்ளை முகத்தைத் திருப்பி அவள் சட்டையைத் தேடியது. நானும் அம்மாவும் சுவரைப் பார்த்துக்கொண்டோம்.

வெளியே அவள் அப்பாவின் குரல் ஏறியது.

"நாங்க மானத்தோட இருக்கணுமா வோணாமா? லோடு ஏத்தற எடத்துல நாலு பேர் கேட்டா நா இன்னா சொல்றது?"

வெளியே போனேன்.

"இன்னாத்த கேப்பாங்க?"

"நீ யாரு கேக்க?"

"கதவாண்ட நிக்கறவ. உன் பொண்ணுக்குப் பால் கட்டி ஜொரம் அடிக்குது. மானத்த அப்பால பேசு. போய் வெந்நி வாங்கினு வா."

முறைத்தார். ஆனால் போனார். அவள் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் போட்டோவை அழித்தாரா, வைத்திருந்தாரா, தெரியாது. நான் கேட்கவில்லை.

அன்று பேனா வெளியே வரவில்லை. வனிதாவையும் பிள்ளையையும் ஒரு இல்லத்தில் சேர்த்துத் தங்க வைத்தார்கள். பிள்ளைக்கு அப்பனான பையனைப் போலீஸ் கேசில் சிறுவர்களை வைக்கிற கூர்நோக்கு இல்லத்தில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவனையும் கூட்டி வந்தார்கள். கல்யாணம் ஆகாதவள் பெற்ற பிள்ளைக்கு அவன் சம்மதம் தேவை இல்லை. ஆனாலும் அம்மா கேட்டார்.

"நா இன்னா சொல்றது மேடம். எங்கப்பா போட்டுட்டாரு. என்ன யாரும் கேக்கல."

"இப்பக் கேக்கறேன்."

"அது சொல்றதுதான் மேடம்" என்றான். வனிதாவை அவன் "அது" என்றுதான் சொன்னான். போகும்போது, "பாப்பா கால மட்டும் பாத்துக்கலாமா?" என்று கேட்டான். அன்று பிள்ளையையும் கொண்டு வந்து தொட்டிலில் போட்டிருந்தார்கள். துணியை அவனே விலக்கிப் பார்த்தான். போனான்.

வனிதா இரண்டு முறை வந்தாள். முதல் முறை, "எனக்கு இன்னா பண்றதுன்னு தெரீல மேடம்" என்றாள். அம்மா, "தெரியும்போது வா" என்றார். அதற்குள் அவள் வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். நீ வரலாம், அது வரக் கூடாது. அக்கா கல்யாணம் நிற்கும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பிள்ளையோடு தங்கினால் எங்கே, எத்தனை நாள், என்ன உதவி கிடைக்கும் என்று அம்மா எல்லாம் சொன்னார். அவளுக்குக் கணக்குப் போடத் தெரிந்தது.

இரண்டாவது முறை வந்தபோது முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள்.

"குடுக்கறேன் மேடம்."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. ஊட்ல சொன்னதத்தான் நானும் சொல்றேன். ஆனா அவங்க சொன்னதால இல்ல. என்னால இத்த நல்லா வெச்சுக்க முடியாது. இப்ப முடியாது."

அம்மா அதையே வேறு மாதிரி கேட்டார். மறுபடியும் வேறு மாதிரி கேட்டார். பதில் மாறவில்லை. இரண்டு மாத டைமைச் சொன்னார். கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார். இடது கையில் பிள்ளை. வலது கையில் பேனா. பள்ளிக்கூடத்து எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக. பிறகு அவள் அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

"சாட்சின்னு போட்டிருக்குது" என்றார் அவர், காகிதத்தைப் பார்த்து.

"அவ்ளோதான் நீங்க" என்றார் அம்மா.

வனிதா எழுந்தாள். மேசையில் இருந்து தொட்டில் கொஞ்ச தூரம்தான். அங்கே போய் நின்றவள் நின்றபடியே இருந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. குனிந்தாள், நிமிர்ந்தாள். அவள் அப்பா, "குடு, நா வெக்கறேன்" என்று கையை நீட்டினார். அம்மா அவரைப் பார்த்தார். கை இறங்கியது. என் கையும் பின்னால் இருந்து கிளம்பியது. நகம் பதியப் பிடித்துக்கொண்டேன். மறுபடி குனிந்தாள். முதலில் தலை, பிறகு முதுகு, பிறகு கால். நான் சொன்ன மாதிரியே. குல்லாயைச் சரி செய்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் அவள் திரும்பி வரவில்லை. பிள்ளை வரிசைப்படி வேறு ஊருக்குப் போனது. நல்ல இடம் என்று அம்மா சொன்னார்.

கையெழுத்துப் போட்ட அன்று வக்கீலும் வந்திருந்தார், பத்திர விஷயமாகப் பதில் சொல்ல. நடையில் எல்லாரும் கேட்கச் சொன்னார்.

"கடசில அதேதான நடந்துச்சு? புள்ளயக் குடுத்தாச்சு. இன்னாத்துக்கு இத்தினி பேஜாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள், படி இறங்கிக்கொண்டிருந்த வனிதா நின்றாள். வக்கீலைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"நைனா, குடுத்தது நானு. ஊர்ல எவனா கேட்டா அப்டியே சொல்லு. நீ குடுத்தேன்னு சொல்லாத."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் பின்னால் போகவில்லை. பக்கத்தில் போனாள்.

அதே இல்லை வக்கீல் சார். அன்றைக்கு நான் சொல்லாததை இங்கே சொல்கிறேன். அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு நாள் தேடி வந்து கேட்கும். உங்கள் பத்திரப்படி, பெற்றவளுக்குத் தெரியாமல் எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். இந்தக் காகிதத்தின்படி, உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கையால் படுக்க வைத்தாள், குல்லாயைச் சரி செய்தாள் என்று சொல்லலாம். நான் பார்த்தேன்.

இப்போது தலைவர் அம்மா இல்லை. பதவிக் காலம் முடிந்து போய்விட்டார். முன்பு தத்து உத்தரவு கோர்ட்டில் இருந்து வரும், இப்போது கலெக்டர் ஆபீசில் இருந்து வருகிறது. சீக்கிரம் வருகிறது என்கிறார்கள். வரட்டும். ஆனால் மீனா போன் செய்த பிறகு எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. ரயில் ஏறிப் போனேன்.

தொட்டில் இருந்த இடத்தில் ஜெராக்ஸ் மிஷின். தொட்டில் பின்னால் ஸ்டோர் ரூமில் கிடந்தது. கட்டுக் கட்டாக அதற்குள் பழைய ஃபைல். என் வெள்ளை பெயின்ட் உரிந்திருந்தது. ஒவ்வொரு கட்டாக எடுத்துக் கீழே வைத்தேன். கிளார்க் ஓடி வந்தார். சின்ன வயசு, நல்ல பையன்தான்.

"அக்கா, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க."

"நா ஆயிட்டேன். தொட்டில் ஆவல."

மீனா ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம். மிஷினை நகர்த்தி, மேசைக்கும் சுவருக்கும் நடுவில் பழைய இடத்தில் போட்டோம். கிளார்க் பின்னாலேயே வந்தார்.

"ஃபைலெல்லாம் கீழ கெடக்குதுக்கா. எங்க வெக்கறது?"

"கீழயே வெய்யிப்பா. ஃபைல் அழாது."